நாற்பத்தெட்டு அட்டைகள்

“இன்னொரு பன்னியையும் பிடிங்கடா! நம்ம ஊர் ரத்தத்துக்குச் சர்க்கரையே வராதுன்னு ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கு!”

சாலேமோ ஊர்த் தலைவர் ஃபுயாவா, கடிதத்தைக் கொடி மாதிரி ஆட்டினார். நூற்றைம்பது கிலோ உடம்பும் சேர்ந்து ஆடியது.

“வராதுன்னு எழுதலைங்க. வாய்ப்புக் கொஞ்சம் குறைவுன்னுதான் எழுதியிருக்கு” என்றாள் அவர் மனைவி லாங்கி.

“எல்லாம் ஒண்ணுதான்.”

பசிபிக் கடலின் சமோவாத் தீவுக்காரர்கள் பலருக்கு ஒரு மரபணு உண்டு. உடம்பைப் பெருக்க வைக்கும். ஆனால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். அது யார் யாருக்கு இருக்கிறது என்று பார்க்கத்தான் போன மாதம் நர்ஸ் எசெத்தா வந்தாள். எடை பார்த்து முடிப்பதற்குள் படகுக்கு நேரமாகிவிட்டது. ஆளுக்கொரு அட்டை, விரலைக் குத்தி அதில் ஒரு சொட்டு ரத்தம் என்று விளக்கி, மாதர் குழுத் தலைவி லாங்கியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

முடிவு வந்தது. நாற்பத்தெட்டு அட்டைகள், நாற்பத்தெட்டிலும் அந்த மரபணு! பக்கத்து ஊரான வைமோவாவில் பாதிப் பேருக்குத்தான் இருந்தது. அதை அவர்கள் காதுபடச் சொல்லவே இந்த விருந்து.

“உங்க காலைப் பாருங்க. அந்தப் புண் மூணு வாரமா ஆறலை. குடம் குடமா தண்ணி குடிக்கிறீங்க. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்...”

“கடிதத்தை விடவா ஆஸ்பத்திரி பெருசு?” என்றபடி கோக்கோவில் ஐந்தாவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டார்.

லாங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவர் வைமோவா ஊர்த் தலைவர் சௌமாலு. லாங்கியின் அண்ணன்.

“வாங்க மச்சான், வாங்க! பார்த்துத் தின்னுங்க. உங்க ஊர்ல பாதிப் பேருக்கு உடம்பு தாங்காதாமே?”

“கேள்விப்பட்டேன்” என்றார் சௌமாலு கடுகடுவென்று.

“என்ன செய்றது? எங்க முன்னோர்கள் அப்படி! கடலையே நீந்திக் கடந்தவங்க. அந்த ரத்தம் இந்த மண்ணுல பிறந்தவனுக்குத்தான் வாய்க்கும்.”

ஊரே கைதட்டியது. பாதிரியார் எழுந்து, சாலேமோவின் தனிச்சிறப்பான ரத்தத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். வைமோவாக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு தேங்காய்ப்பாலில் வெந்த கீரையைக் கிளறினார்கள்.

அப்போதுதான் எசெத்தா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“ஐயா, கொஞ்சம் தனியாப் பேசணும்.”

“தனியா எதுக்கும்மா? எல்லாரும் கேட்கட்டும். இன்னும் நல்ல சேதியா?”

“வேண்டாம்யா...”

“சத்தமாச் சொல்லு!”

எசெத்தா பெருமூச்சு விட்டாள். “முதல்ல அந்த ஒரு மரபணுவை மட்டும்தான் பார்த்தாங்க. இப்ப எல்லாத்தையும் பார்த்திருக்காங்க. நாற்பத்தெட்டு அட்டையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு.”

“கேட்டீங்களா மச்சான்? இதுதான் ஒற்றுமை!”

“ஒற்றுமை இல்லைங்கய்யா, ஒரே ஆள். நாற்பத்தெட்டும் ஒரே ஒரு பொம்பளையோட ரத்தம்.”

ஃபுயாவா பல்லைக் கடித்துக்கொண்டு மனைவி பக்கம் சாய்ந்தார். “என் அட்டைக்கு மட்டும்தானே உன்னைக் குத்திக்கச் சொன்னேன்?” என்று கிசுகிசுத்தார்.

லாங்கி கிசுகிசுக்கவில்லை.

“நீங்க மட்டுமா? ஊசியைப் பார்த்ததும் பாதிரியார்லேருந்து எல்லாரும் ஒவ்வொருத்தரா பின்வாசல் வழியா வந்து, ‘எனக்கு மட்டும், யார்கிட்டயும் சொல்லிடாதே’ன்னு காலைப் பிடிச்சாங்க. நாற்பத்தெட்டு தடவை விரலைக் குத்திக்கிட்டது நான்தான்!”

சற்றுமுன் கைதட்டிய அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். எசெத்தா சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துத் தலைவரின் விரலைப் பிடித்தாள்.

சௌமாலு மெதுவாக நிமிர்ந்தார். தட்டில் பெரிய துண்டாகப் பன்றிக்கறியை எடுத்து வைத்துக்கொண்டார்.

“அப்ப மச்சான், இவ்வளவு நேரமும் நீங்க எல்லாரும் கைதட்டி வாழ்த்தினது எங்க வைமோவா ரத்தத்தையா?”