திக்கி நின்ற கார்

சம்பாஜே மலைப்பாதையில் பழைய கார் மறுபடியும் திக்கி நின்றது. உமேஷ் பானட்டைத் திறந்தான்.

அப்போது வந்த பஸ் நின்று, அதிலிருந்து போஜம்மா இறங்கினாள்.

"என்ன தம்பி, ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைஞ்சிடுதா?"

"நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்களே அக்கா."

"பழைய வண்டின்னாலே இந்தத் தொல்லைதானே. இன்ஜினையே மாத்தணும்பாங்க மெக்கானிக்குங்க."

உமேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. காற்றை அளக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் அணையாமல் ஓடியது.

"பாத்தீங்களா? இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. சென்சார்ல அழுக்கு. அதான் தப்புக் கணக்குச் சொல்லுது."

"டிக்கியில அழுக்கு எடுக்கிற ஸ்ப்ரே இருக்கும், பாருங்க."

இருந்தது. சென்சாரைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய கம்பியில் கைபடாமல் ஸ்ப்ரே அடித்தான். அது காயும்வரை போஜம்மா பையிலிருந்து எடுத்த ஆரஞ்சை இருவரும் தின்றார்கள். பிறகு திரும்ப மாட்டினான்.

"நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா தம்பி?"

"தாராளமா அக்கா" என்றான் உமேஷ் பெருமையாக.

இன்ஜின் சீராக உறுமியது. போஜம்மா கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"ஒரு மெக்கானிக்கும் கண்டுபிடிக்கல, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. காலையில வாசல்ல வண்டியக் காணோம்னு போலீசுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன். இனி போகல. அதை உங்க கூலியா வச்சுக்கோங்க."

கியரைப் போட்டவள், "அடுத்த பஸ் இப்ப வந்துடும். அதுலயாவது டிக்கெட் எடுத்து ஏறுங்க" என்றாள்.