முதுகைக் காட்டிய பிள்ளை

“உங்க பிள்ளை என்கிட்ட கோவிச்சுக்கிட்டு முதுகைக் காட்டிப் படுத்திருக்கு,” என்றார் ஸ்கேன் டாக்டர். “இதயம் நல்லா இருக்கு. அதுலேர்ந்து மேல போற ரத்தக்குழாய்தான் சரியாப் பிடிபடல. கேன்டீன்ல இனிப்பா ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா. திரும்பிடும்.”

ஆறாம் மாதம். வழக்கமான ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். அந்த ‘ஏதோ’ என்னவென்று யாரும் சொல்லாததால் கணவனுக்கும் மனைவிக்கும் தூக்கம் போயிருந்தது.

கேன்டீனில் ஆளுக்கொரு பன். அவள் தன்னுடையதை முடித்துவிட்டு, மாடிப்படி வரை நடந்து திரும்பினாள். அவன் தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சின்னதாக ஒரு விள்ளல், வெகுநேரம் மெல்லல், பிறகு ஒரு மிடறு தண்ணீர்.

“பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமே போயிடும். அதுக்குள்ளயாவது முடிப்பீங்களா? எங்கண்ணன் சும்மாவா உங்களுக்கு ஆமைன்னு பேர் வெச்சான்?”

“உங்கண்ணன் மெல்லாம முழுங்குவான். அவனுக்கு நான் ஒரு பேர் வெச்சிருக்கேன், உன்கிட்ட சொல்லல.”

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதும் கை வயிற்றின் மேலேயே இருந்தது. பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டர் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார். அவன் மிச்சப் பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டான்.

பிள்ளை திரும்பியிருந்தது. இருட்டறைத் திரையில் சிவப்பும் நீலமும் துடித்தன. தீக்குச்சி கனத்துக்கு ஒரு குழாய். அதற்குள் ரத்தம் ஓடுகிற திசைகூடத் தெரிந்தது. இன்னும் வெளிச்சத்தையே பார்க்காத ஓர் உயிரின் நெஞ்சுக்குள் இவ்வளவு தூரம் எட்டிப்பார்க்கலாமா என்று அவளுக்குக் கூச்சமாகவே இருந்தது.

டாக்டரின் கை நின்றது.

“எல்லாருக்கும் இந்தப் பெரிய ரத்தக்குழாய் மூச்சுக்குழாய்க்கு இடப்பக்கமா வளைஞ்சு போகும். இங்க வலப்பக்கமாப் போகுது. இன்னொரு சின்னக் குழாயும் சேர்ந்து, வளையம் மாதிரி சுத்தியிருக்கு.”

“மூச்சு முட்டுமா டாக்டர்?” என்றாள் அவள்.

“உள்ள இருக்கிற வரைக்கும் அது மூச்சு விட வேண்டியதே இல்லம்மா. பிறந்த பிறகும் நிறையப் பேருக்கு வளையம் தளர்வாவே இருந்துடும். இறுக்கினா ஆபரேஷன்ல அந்தச் சின்னக் குழாயை வெட்டி விட்டுடலாம். தெரியாமப் போனாத்தான் வம்பு, வருஷக்கணக்கா ஆஸ்துமான்னு மருந்து கொடுத்துட்டிருப்பாங்க. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே.”

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் மூச்சு வந்தது. பிறக்குமுன்பே பிள்ளை பிழைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

“ஆனா எங்க ரெண்டு வீட்டுலயும் யாருக்கும் இப்படிக் கிடையாதே டாக்டர்?” என்றாள் அவள்.

டாக்டர் அவள் வயிற்றில் தடவியிருந்த ஸ்கேன் ஜெல்லைத் துடைத்தார். எழுந்து விளக்கைப் போட்டார். நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்து, அவன் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பார்த்தார்.

“சார், இந்த வளையம் மூச்சுக்குழாயை மட்டும் சுத்துறதில்ல. அதுக்குப் பின்னால இருக்கிற உணவுக்குழாயையும் சேர்த்துத்தான் சுத்தும். சில குடும்பங்கள்ல வழிவழியாவும் வரும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சாத்தான் இறங்குமா? சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?”

அவன் மெல்லத் தலையாட்டினான்.

“பிள்ளைக்கு அவசரமில்ல, நாள் இருக்கு,” என்றார் டாக்டர். “உங்களுக்கும் இதே வளையம் இருக்கலாம் சார். உங்க வயசுல அந்த ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கவும் கூடும், வீங்கியிருக்கான்னு இன்னைக்கே பார்த்தாகணும். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் உங்க பிள்ளை நம்மள கேன்டீனுக்கு அனுப்பிச்சதோ என்னவோ.”