வாசலுக்கு வந்த பூனை

“இந்தப் பூனை உங்களுதுதானாம்மா?”

டாக்டரம்மா கேட்ட விதத்தில் அவள் மேஜைக்கு நெருங்கி வந்தாள்.

“எங்களுதுதான் டாக்டர். ஏன், குண்டுவுக்கு எதாவது…?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. காது சுத்தம், பல்லு சுத்தம், இதயம் நல்லா அடிக்குது. கொஞ்சம் தீனிய மட்டும் குறைங்க. ஆனா ஊசி போடறதுக்கு முன்னாடி புதுசா வர்ற எல்லாத்தையும் இதால பாத்துடுவோம்.”

கையிலிருந்த கருவியைக் குண்டுவின் கழுத்துக்குக் கீழே மறுபடி வைத்துக் காட்டினார். கருவி ‘பீப்’ என்றது.

“தோலுக்கு அடியில சிப் இருக்கு. அரிசி மணி அளவுதான். யாரோ வச்சு, பதிவும் பண்ணியிருக்காங்க.”

“நான் எதையும் வைக்கலியே டாக்டர். இது போன மழைக்காலத்துல தானா எங்க வாசலுக்கு வந்தது.”

உண்மைதான். அன்று காலை கதவைத் திறந்தால், மிதியடி மேல் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் நிறக் குட்டி. அவள் அதைத் தொடவில்லை. முன்பு வளர்த்த பூனை சிறுநீரகம் கெட்டுப்போய் இதே மாதிரி ஒரு மேஜையில்தான் கண்ணை மூடியது. ‘வருஷத்துக்கு ஒரு தடவை காட்டியிருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாம்’ என்று அப்போதைய டாக்டர் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இனி இன்னொரு உயிரை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள்.

ஆனால் பின்னாலேயே வந்த கணவர் கத்தினாரே ஒரு கத்தல்!

“எங்கேர்ந்து வந்துது இந்தச் சனியன்? தூக்கித் தெருவுல விடு!”

இந்த மழையிலா? மனுஷனுக்கு நெஞ்சு என்ன கருங்கல்லா? வீம்புக்கே அதை வாரி எடுத்து முந்தானையால் துடைத்தாள். அவ்வளவுதான், குட்டி ஒட்டிக்கொண்டது. நேற்று வரைக்கும் கணவரின் முணுமுணுப்பு ஓயவில்லை. “ஊசி போடாத பூனை. என்னிக்காவது என்னைக் கடிச்சு வைக்கப் போவுது. போய்க் காட்டிட்டு வந்து தொலை” என்று அவர் பிடுங்கிய பிடுங்கலில்தான், பயத்தை விழுங்கிக்கொண்டு இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரிப் படியே ஏறினாள்.

“இப்ப என்ன டாக்டர் பண்றது?”

“பதிவுல பேர் இல்ல, ஒரு போன் நம்பர் மட்டும்தான் இருக்கு. அவங்கள ஒரு வார்த்தை கேக்காம நான் மேற்கொண்டு எதுவும் செய்யக் கூடாதும்மா.”

“திருப்பிக் கேட்டா?”

டாக்டரம்மா பதிவிலிருந்த நம்பரைக் குறித்துக்கொண்டார்.

குண்டு மேஜையிலிருந்து எட்டி அவள் வளையலை முகர்ந்தது. கூடைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிட்டால் என்ன? வெளியே ஆட்டோ நிற்கிறது. யார் துரத்தப் போகிறார்கள்? கூடையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

அப்புறம் எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி ராத்திரியில் பால் கிண்ணத்தோடு கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி தோன்றியது. அந்தப் பாடு இவளுக்குத் தெரியாததா?

கூடையைக் கீழே வைத்தாள்.

“போன் பண்ணுங்க டாக்டர். பாவம், உயிரோட நல்லா இருக்குன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்.” சொல்லும்போதே குரல் உடைந்தது. “கேட்டா… குடுத்துடறேன். மீன் வாசனை வந்தாத்தான் சாப்பிடும்னு மட்டும் சொல்லிடுங்க.”

ஒரு கை பூனையைப் பிடித்திருந்ததால், டாக்டரம்மா போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வணக்கம், பூனை ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். உங்க நம்பர்ல ஒரு சாம்பல் நிறப் பூனை பதிவாகியிருக்கு…”

“ஐயோ, என் தங்கத்துக்கு என்ன ஆச்சு டாக்டர்?” ஆண் குரல் ஒன்று பதறியது. “காலைல நல்லாத்தானே இருந்துது!”

அவள் சட்டென்று திரும்பினாள். அவள் வீட்டுக்காரரின் குரல்.

“பூனைக்கு ஒண்ணுமில்ல சார். ஆனா கூட்டிட்டு வந்தவங்க, இது தானா வாசலுக்கு வந்ததுன்னு…”

“அது என் வீட்டுக்காரிதான் டாக்டர்! பழசு போனதுலேர்ந்து அவ சரியா சாப்பிடல, தூங்கல. இன்னொண்ணு வாங்கித் தரேன்னாலும் வேண்டவே வேண்டாம்னுட்டா. அதான் பூனைக் காப்பகத்துல என் நம்பரைக் குடுத்துப் பதிவு பண்ணி, நானே கொண்டாந்து வாசல்ல விட்டேன். நான் விரட்டினாத்தான் அவ வச்சுக்குவா. தயவு செஞ்சு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!”

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வழிகிற கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, ‘எனக்குத் தெரிஞ்சதா சொல்லிடாதீங்க’ என்று உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள்.