எட்டாத இடம்

மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

தோல் ஆஸ்பத்திரியின் ஆளுயர ஒளிப்பெட்டி. சுற்றிலும் குழல்விளக்குகள். நடுவில் அவள், உடையில்லாமல்.

முப்பத்தாறாவது தடவை. இரண்டு நிமிடம், பத்து விநாடி.

எட்டு வருடமாக, வெளிச்சத்தில் அவள் உடம்பைக் காட்டி நிற்பது இங்கே மட்டும்தான்.

இதற்கு முன் வேப்பிலைக் குளியல். குப்பைமேனி விழுது. அருகம்புல் தைலம். மீனும் கத்தரிக்காயும் இல்லாமல் ஒன்றரை வருடப் பத்தியம்.

எல்லாம் அவள் கணவன் டைட்டஸ் தேடிக் கொண்டுவந்தவை. யார் எந்த வைத்தியரைச் சொன்னாலும் மறுநாளே தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறிவிடுவான். தங்கமான மனுஷன் என்றார்கள்.

பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான்.

முதுகுக்கு அவள் கை எட்டாது. தோசைக்கரண்டியில் துணி சுற்றி, தைலத்தில் தோய்த்துத் தடவிக்கொள்வாள்.

இந்தத் தோல் கரப்பான் தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் அவனிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினான். அவன் பாய் ஹாலிலேயே கிடந்தது.

முதல் நாள் இங்கே நர்ஸ் செல்லக்கனி கேட்டாள்.

"முதுகுல க்ரீம் யாருக்கா போட்டுவிடுவா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து செல்லக்கனிதான் போட்டுவிடுகிறாள். அவசரமில்லாமல், தோளிலிருந்து இடுப்புவரை.

மெல்ல மெல்லத் தோல் தெளிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது, டைட்டஸ் அவள் முதுகைத் தொட்டான்.

முதலில் ஒரு விரலால். பிறகு உள்ளங்கையால்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. அவள் உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். இன்று அவனும் டாக்டர் அறைக்குள் வந்தான்.

"அதான் சுத்தமா போயிட்டுல்லா டாக்டர். இனி எதுக்கு?"

டாக்டர் அவள் முதுகைப் பார்த்தார். ஒரு தடிப்புகூட இல்லை.

"நிறுத்திரலாமாம்மா?"

"இன்னும் அரிக்கு டாக்டர்."

"எங்க?"

அவள் கையைப் பின்னால் வளைத்தாள். எட்டியவரைக்கும் காட்டினாள்.

"எப்ப இருந்து?"

"ஞாயித்துக்கிழமையில இருந்து."

டைட்டஸ் தரையைப் பார்த்தான்.

பக்கத்தில் நின்ற செல்லக்கனி அவனுக்கும் அவளுக்கும் நடுவே திரையை இழுத்துவிட்டு, க்ரீம் மூடியைத் திருகித் திறந்தாள்.