பேருந்தை நிறுத்தியவர்

எரிச்சல் குடல் நோய் வந்ததிலிருந்து மாசிலாமணி ஆறு வருடமாகப் பேருந்தில் ஏறியதில்லை. வழியில் வயிறு கலக்கினால் மானம் போய்விடுமே என்ற பயம்தான். மகளின் வளைகாப்புக்காக இன்று துணிந்து ஏறிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் தொப்புளருகே ஒட்டிவிட்ட மனநல வில்லை, பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்லும் ஒரு சின்ன ஏ.ஐ. கருவி, வழிநெடுகப் பெண் குரலில் அவர் காதுக்குள் பேசிக்கொண்டு வந்தது.

மேலூர் தாண்டியதும் வயிறு பிசைந்தது.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே," என்றது வில்லை.

"எல்லாரும் சிரிப்பாய்ங்கம்மா," என்று முணுமுணுத்தார்.

"சிரிக்கட்டுமே. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்."

மாசிலாமணி வியர்க்க வியர்க்க எழுந்து நின்றார். "டிரைவர், கொஞ்சம் நிறுத்துங்க. வயிறு சரியில்ல."

சாலையோர உணவகத்தில் பேருந்து நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரை முந்திக்கொண்டு ஒன்பது பேர் கழிப்பறைக்கு ஓடினார்கள். முதல் ஆள் டிரைவர்.

"யாராச்சும் கேக்க மாட்டாய்ங்களான்னு இருந்தேன் சார்!"

வரிசையின் கடைசியில் நின்றபோதுதான் மாசிலாமணிக்குத் தெரிந்தது, தன் வயிறு எப்போதோ அடங்கிவிட்டதென்று.