இடது பெடல்

சுங்கை சிப்புட்டில், ஷரபுதீனின் சைக்கிள் கடை வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மங்களம் தினமும் இடியப்பம் விற்கப் போகும் பழைய சைக்கிள், இடது பெடல் இல்லாமல் தலைகீழாக நிற்கிறது. கழன்ற பெடலைக் கையில் பிடித்தபடி தூணோரம் நிற்பவர் அவள் கணவர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பத்துமலை. ஆடிக்கொண்டிருந்த பெடலை அவர்தான் தினமும் முறுக்கினார். அது நிற்காமல் போகவே, ரப்பர் பாலைத் தடவி உள்ளே திணித்துவிட்டார். "மரை தேஞ்சிருந்தா பெடல் மாட்டுற கிராங்கையே மாத்தணும்லா அக்கா. இந்த மாடல் இப்ப வாரதில்ல," என்கிறார் ஷரபுதீன். மங்களம் முந்தானையை விரலில் சுற்றிக்கொள்கிறாள். ஷரபுதீன் கிராங்கின் துளைக்குள் ஊசியை விட்டு இழுக்கிறார். காய்ந்த ரப்பர் பழுப்பாய்ச் சுருண்டு, கிழியாமல் மெல்ல வெளியே வருகிறது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், மரையின் வரிகள் ஒன்றுவிடாமல் அதில் பதிந்திருக்கின்றன. "மரை நல்லாத்தான் இருக்கு. அண்ணே, இடது பெடல எதிர்ப்பக்கமா முறுக்கணும். நீங்க இத்தன நாளா இறுக்கல, கழட்டியிருக்கீங்க." ஷரபுதீன் பெடலை வாங்கி எதிர்ப்பக்கமாகச் சுற்ற, அது விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, ஸ்பானர் கடைசியில் ஒருமுறை முனகி நிற்கிறது. மங்களம் கையாலேயே பெடலைச் சுற்றுகிறாள். பின்சக்கரத்தின் கம்பிகள் வெயிலை வாரி வாரிச் சுவரில் எறிகின்றன. அவள் நீளமாக மூச்சு விடுகிறாள். ரப்பர் சுருளை எடுத்துக் கணவரின் சட்டைப் பையில் போடுகிறாள். "இனிமே நீங்க தேங்கா துருவுற மெஷின மட்டும் சுத்துங்க, போதும்." பத்துமலை கேட்கிறார்: "அது எந்தப் பக்கமா?"