பாக்கெட் நத்தை

காவலூர் மலைக்குக் கீழே ஒரு வீட்டில், ஓட்டு இடுக்கு வழியே காலை வெயில் அடுப்படியில் விழுகிறது. சுகாதார ஆய்வாளர் சிவசங்கரி கையுறை மாட்டி, மிச்சமிருக்கும் நத்தைக் குழம்பைப் புட்டியில் அள்ளுகிறாள். வீட்டுக்காரன் அசோக்குமார், தான் வேலை செய்யும் சென்னை ஓட்டலிலிருந்து பாக்கெட்டில் கொண்டுவந்த வெளிநாட்டு நத்தை அது. அதைத் தின்ற அவன் மகள் நேற்று ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அவன் சுவரைப் பார்த்து நிற்கிறான். "வயல் நத்தைன்னா தண்ணில போட்டுப் பார்த்து, அசையாதத வீசிடுவேங்க. பாக்கெட்ல வந்தது எல்லாமே செத்தது. எத வீசுறது?" என்கிறாள் அவன் மனைவி ரஞ்சிதம். "லேப்ல கிருமி இருக்கான்னு பார்த்துச் சொல்வாங்கம்மா" என்கிறாள் சிவசங்கரி. "நான் நல்லா வேக வெச்சனான்னும் அதுல தெரியுமாங்க?" சிவசங்கரி புட்டியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடுகிறாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி அழுத்துகிறாள். "தெரியாதும்மா." ரஞ்சிதம் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து, வெந்திருக்கிறதா என்று விரல்களால் நசுக்கிப் பார்க்கிறாள்.